கடல் முற்றத்து ஊர்கள்

கல்முனைக்கு முதன்முதலாக வருகின்றவர்கள் பெரும்பாலும் ஒரு வினாவை எழுப்புவார்கள். "இங்கே ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது?" என்பதே அவ்வினா. மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிப் பஸ் வண்டியில் வருகின்றவர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கடந்தால் கல்முனையை அடைவார். அதற்கு முன்பே பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கல்முனையைத் தாண்டினால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று அவை தொடரும். பலகைகள் மாறுமேயன்றி வீடுகளின் வரிசை அறுபடுவதில்லை. இவற்றுள் சில முஸ்லிம்களின் ஊர்கள். சில தமிழர்களின் ஊர்கள். இரு சாராருக்கும் தாய்மொழி தமிழே.

இவ்வூர்களுள் ஒன்றிலே பிறந்து வளர்ந்து, இப்பகுதியின் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் அதிபராகக் கடமையாற்றுகின்றவன் என்னும் உரிமையைக் கொண்டு, கடலோரக் குடியிருப்பின் வாழ்க்கையைப் பற்றி நேயர்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன். அதன் வனப்பை மட்டும் எடுத்துரைத்தால் அது பாதி உண்மையாகவே முடியும். ஆதலின், அவ்வனப்புக்காக நாம் செலுத்துகின்ற விலையையும் சேர்த்தே கூறுவேன்.

முதலில் நிலத்தின் அமைப்பை மனக்கண்ணிலே காண்போம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. வடமேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. இவற்றுக்கு நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் மேடே எங்கள் குடியிருப்பு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் பிரதான வீதி அம்மேட்டின் முதுகெலும்பு போன்று ஓடுகின்றது. கடலலையிலே கால் நனைத்த ஒருவர் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினால், அரை மணி நேரத்துக்குள் வயற்சேற்றில் கால் வைத்துவிடலாம்.

மட்டக்களப்பு நாட்டார் சூரியன் எழுகின்ற கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் அது மறைகின்ற பக்கத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். எழுவான்கரையில் வீடும், மேற்கே வயலும் உடையவர்களாக வாழ்வது எங்கள் முன்னோர் வழக்கம். போர்த்துக்கேயர் கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் 1626 ஆம் ஆண்டில் அவர்களுள் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அதற்கு முன்பே இங்கு முஸ்லிம் குடிகள் இருந்தன என்பதும் பலரின் கருத்து. எவ்வாறாயினும், கடலை நம்பியவர்களாகவும் நெல்லை நம்பியவர்களாகவும் ஒருங்கே வாழ்ந்தமையே இம்மக்களின் தனித்தன்மை.

நெல்லைப் பற்றிக் கூறும்போது கல்லோயாத் திட்டத்தைக் கூறாமல் இருத்தல் இயலாது. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில், தமிழிலே பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவுக்குக் குறுக்கே அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் உருவாயிற்று. மாரி மழையை மட்டுமே பார்த்திருந்த வயல்கள் பலவற்றுக்கு வாய்க்கால் நீர் கிடைத்தது. பெரும்போகத்தோடு சிறுபோகமும் செய்யலாயினர். 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இலங்கையின் கிழக்குக் கோடியாகிய சங்கமன்கண்டி முனையும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. ஆகவே, இத்தீவில் கதிரவனை முதலிலே காண்கின்றவர்கள் நாங்களே என்று பெருமை பேசிக்கொள்வதில் தவறில்லை.

இனி, ஒரு நாளின் வாழ்க்கையைப் பார்ப்போம். சுபஹுத் தொழுகைக்கான பாங்கொலி எழும் வேளையிலே கடற்கரை விழித்துவிடும். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். இரவிலே நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுகின்றது. கடலோ பகலிலே பெற்ற வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. ஆகவே கடலின் மேலுள்ள காற்று வெப்பமுற்று மேலெழ, நிலத்தின் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நாடிச் செல்கின்றது. பாய் விரித்த தோணிகள் அக்காற்றிலேயே கடலுக்குச் சென்றன. பகலில் நிலம் சூடேறிய பின்னர் காற்றுத் திசை மாறிக் கடலிலிருந்து கரைக்கு வீசும். அக்காற்றிலேயே அவை திரும்பின. இப்போது இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. எனினும், பிற்பகலிலே எங்கள் வீடுகளின் கிழக்கு வாசலால் நுழைகின்ற கடற்காற்று அன்றுபோலவே இன்றும் வருகின்றது. அதற்காகவே முன்னோர் கிழக்கே வாசலும் திண்ணையும் அமைத்தனர்.

கரைவலை இழுப்பதைக் காண்பது சிறுவர்க்குப் பெருங்களிப்பு. வலையின் ஒரு கயிற்று முனையைக் கரையிலே விட்டுவிட்டு, தோணி கடலுள்ளே சென்று வளைவாக வலையை இறக்கி, மறு முனையைச் சிறிது தூரத்துக்கு அப்பால் கரைக்குக் கொண்டுவரும். பின்னர் இரு பக்கமும் ஆட்கள் நின்று ஒரே தாளத்தில் இழுப்பார்கள். தண்டயல் நடுவிலே நின்று வலையின் போக்கைப் பார்த்து ஏவுவார். வலையின் மடி கரையை அணுகும்போது கீரி, சூடை, நெத்தலி, பாரை என்று கடல் தந்தது எதுவோ அது மணலிலே துள்ளும். வலைக்காரருக்கு ஒரு பங்கு, உழைத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று அது பிரியும். வழியோடு வந்து சற்று நேரம் கயிறு பிடித்தவனுக்கும் கறிக்கு மீன் கிடைக்கும். வெறுங்கையோடு அவனை அனுப்புவது கரையின் மரபன்று.

கடலுக்குப் பருவம் உண்டு. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். அது மலைநாட்டைக் கடந்து ஈரத்தை இழந்து வருகின்ற வெங்காற்று, மனிதரை வாட்டும், ஆனால் அக்காலத்திலே கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கினால் மழையும் பேரலையும் சேர்ந்து வரும், தோணிகள் கரையேறும். அப்போது கடற்றொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவது அரிதாகும். அதே மழைதான் மேற்கே வயலில் பெரும்போகத்து நெல்லை வளர்க்கின்றது. ஒரே மழை, தெருவின் ஒரு பக்கத்தாருக்குக் கவலையையும் மறுபக்கத்தாருக்கு மகிழ்ச்சியையும் கொடுப்பதை நான் சிறுவயது முதலே கண்டிருக்கின்றேன்.

மாலையிலே கடற்கரை ஊரின் பொது முற்றமாகிவிடும். முதியோர் மணலிலே வட்டமாக அமர்ந்து வயற் செய்தி பேசுவர். இளைஞர் பந்தாடுவர். சுண்டல் விற்பவரும் இஞ்சிப் பிளேன்டீ விற்பவரும் வருவர். குழந்தைகளோடு வரும் தாய்மார் சற்று ஒதுங்கி அமர்வர். நோன்புப் பெருநாளிலும் ஹஜ்ஜுப் பெருநாளிலும் பல ஊர்களில் கடற்கரைத் திடலிலேயே தொழுகை நடைபெறும். பிறை பார்க்கும் மாலை மட்டும் இதற்கு விலக்கு. தலைப்பிறை மேற்கு வானில் தோன்றுவதனால், அன்று ஊரார் கடலுக்கு முதுகைக் காட்டி வயலை நோக்கி நிற்பர். பதினான்கு நாள் கழித்து முழுநிலவு கடலிலிருந்தே எழும். அந்நிலவொளியிலே மணற்பரப்பைக் கண்டவர்கள் எங்கள் ஊரைவிட்டு எங்கே சென்று வாழ்ந்தாலும் அதனை மறப்பதில்லை.

கண்ணுக்கு இனிய காட்சிகளோடு கருத்துக்கு இனிய சிறப்புகளும் இக்கரையிலே பலவுண்டு. மருதமுனையிலே நெசவு தலைமுறை தலைமுறையாக நடந்துவருகின்றது; அவ்வூர்க் கைத்தறிச் சாரனும் சேலையும் நாடெங்கும் பெயர் பெற்றவை. அதே மருதமுனை புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனையும், சிறுகதையாசிரியர் மருதூர்க்கொத்தனையும் தந்தது. பெரியநீலாவணை கவிஞர் நீலாவணனைத் தந்தது. கல்முனைக்குடி கவிஞரும் மொழியியலறிஞருமான எம். ஏ. நுஃமானைத் தந்தது. காரைதீவிலே 1892 ஆம் ஆண்டில் பிறந்து, இளமைக் கல்வியின் ஒரு பகுதியைக் கல்முனையிலே பெற்றவரே சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழரின் இசைக்கருவியை ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டில், அவர் மறைந்த அதே ஆண்டில், வெளிவந்தது. கடலோசை கேட்டு வளர்ந்த ஒருவர் இசையாராய்ச்சியிலே தலைநின்றமை எமக்கு வியப்பளிப்பதில்லை.

கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியிலே ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாகக் கொடியேற்று விழா நடைபெறுகின்றது. கடலுக்கு அப்பாலுள்ள நாகூரோடு இக்கரைக்கு இருந்த பழைய தொடர்பை அது நினைவூட்டுகின்றது. பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை நிகழ்த்திக் காட்டப்பெற்று இறுதியிலே தீமிதிப்பு நடைபெறும். இரண்டு விழாக்களுக்கும் அயலூரார் அனைவரும் கூடிக் கடைத்தெரு பார்த்த காலத்தை முதியோர் இன்றும் பேசுகின்றனர். இடையே வந்த போர் ஆண்டுகள் இரு சமூகத்தாருக்கும் ஆறாத துயரங்களைக் கொடுத்தன. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தது. வீதியோரச் சந்தையிலே மரக்கறி விற்பவரும் மீன் விற்பவரும் ஒருவரை ஒருவர் முறை சொல்லி அழைக்கும் பழக்கம் அத்துயரங்களையும் கடந்து நிற்கின்றது.

தெற்கே சென்றால் ஒலுவில் வெளிச்சவீடும், 1995 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டிலே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. என் இளமையில் உயர்கல்வி கற்க விரும்பியவன் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. இன்று எங்கள் பெண்பிள்ளைகள் காலையிலே பஸ்ஸில் ஏறிச் சென்று மாலையிலே வீடு திரும்புகின்றனர். இன்னும் தெற்கே பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டார் பெருந்தொகையாக வருவர்.

இத்தனை சிறப்பும் இருக்க, இக்குடியிருப்பின் குறைதான் யாது? நிலம் போதாமையே அக்குறை. இலங்கையிலே கிராமமும் நகரமும் கலந்த பகுதிகளுள் இக்கரையைப்போல் மக்கள் நெருங்கி வாழும் இடங்கள் மிகச் சில. அந்நெருக்கத்துக்கு ஒரு காரணம் எங்கள் திருமண வழக்கத்திலே இருக்கின்றது. மட்டக்களப்பு நாட்டு முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழியே எண்ணப்படும் குடிகளாகப் பிரிந்திருப்பவர்கள். மணமான பின் ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடமை. மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்டவேண்டும். மூத்தவளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவிலே ஒரு மூலையிற் குடிசை கட்டிக்கொண்டு அடுத்தவளுக்காக உழைக்கத் தொடங்கிய பெற்றோர் எத்தனையோ பேர்.

இவ்வழக்கிலே ஒரு பெரும் நன்மை உண்டு. பெண் தன் தாயின் அருகிலேயே வாழ்கின்றாள். அவளுடைய பிள்ளைகள் மூத்தம்மாவின் மடியிலும் சாச்சியின் கையிலும் வளர்கின்றன. வீடு அவள் பெயரில் இருப்பதனால், கணவன் கைவிட்டாலும் அவள் தெருவிலே நிற்பதில்லை. ஆயினும், ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நான்காகி, ஈற்றிலே கிடுகு வேலிக்கும் இடமின்றிச் சுவரோடு சுவர் சேர்ந்துவிடுகின்றது. மேற்கே வயல், அதனை நிரப்புவது சோற்றுப் பானையை உடைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே வீடுகள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. தோணி நின்ற இடத்திலும், அடம்பன் கொடி படர்ந்த மணலிலும் மக்கள் வீடு கட்டினார்கள். நிலமற்ற ஏழைகளே கடலுக்கு மிக அருகில் சென்றார்கள் என்பதையும் மறத்தலாகாது.

நெருக்கம் முதலிலே கிணற்றைத் தாக்கிற்று. எங்கள் மணலின் அடியிலுள்ள நன்னீர் ஒரு நுண்ணிய ஏற்பாட்டினாலே நிலைத்திருப்பது. மழைநீர் மணலூடாக இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேலே மிதக்கின்றது. நன்னீர் கடல்நீரினும் இலேசானது என்பதே அதற்குக் காரணம். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உவர்நீரை அழுத்தி வைக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள். இயந்திரம் வைத்து இறைத்து ஓரடி நீரைக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் பல மடங்கு மேலெழும். பட்டை கட்டிக் கையால் இறைத்த காலத்தில் இந்த ஆபத்து இருக்கவில்லை. மேலும், சிறிய வளவில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமையும்போது, மணல் கழிவை வடிகட்டுமுன்பே அது கிணற்றை அடைந்துவிடுகின்றது. இப்போது குழாய்நீர் வந்திருப்பது பெரும் ஆறுதல். ஆயினும், அதனை நம்பிக் கிணற்றைப் பாழாக விடுவது அறிவுடைமையாகாது.

நெருக்கத்தின் கொடிய விளைவைப் பின்னர்க் கண்டோம். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இரவு அடித்த சூறாவளி எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. நான் அப்போது சிறுவன். காற்று ஓலைக் கூரையைத் தூக்கிச் சென்றது. வாப்பா எங்களை ஒரு கட்டிலின் கீழே வைத்துப் பாயினால் மூடினார். விடிந்தபோது மட்டக்களப்பு நாட்டின் தென்னந்தோப்புகள் தலையிழந்து கிடந்தன. பெருந்தொகையானோர் மாண்டனர். ஆனால், காற்று வருமுன் வானம் அறிகுறி காட்டிற்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி வந்ததோ அறிகுறி காட்டாதது போலவே வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை; போயா நாள்; பாடசாலை விடுமுறைக் காலம். காலை ஏழு மணியளவில் சுமாத்திராத் தீவின் அருகே கடலடியிலே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழ்கடலிலே சுனாமி அலை ஆகாயவிமானத்தின் வேகத்திலே செல்லும். ஆனால் அதன் உயரம் அங்கே மிகச் சிறிது. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ள நீரின்மேல் ஏறி, மலைபோல் உயர்கின்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது எங்கள் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கு ஒரு சொல் எட்டவில்லை. எட்டச் செய்யும் அமைப்பு அன்று இந்து சமுத்திரத்தில் இல்லை. இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களுள் 10,000 பேருக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். எந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களிலெல்லாம் ஜனாஸாக்களும் சடலங்களும் அடுக்கடுக்காகக் கிடந்தன. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று அலை பிரித்துப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது நான் ஓர் உதவி ஆசிரியன். வகுப்பிலே பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். முதலாவது பெயருக்கு விடையில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது பெயரை நான் கூப்பிடு முன்பே பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து, "சேர், அவரும் இல்ல" என்றது. பதிவேட்டை மூடிவிட்டேன். அன்று முதல் ஒரு கிழமைக்கு எண்ணிக்கை மட்டும் எடுத்தோம், பெயர் கூப்பிடவில்லை. இதனை நான் வானொலியிலே கூறுவது இரக்கத்தைப் பெறுவதற்காக அன்று. அப்பிள்ளைகளின் வீடுகள் எங்கே இருந்தன என்பதைப் பின்னர் ஒரு தாளிலே குறித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் கடைசி இரண்டு தெருக்களில், கடலுக்கு மிக அருகிலே, இருந்தன.

அழிவுக்குப் பின் அரசாங்கம் கரையிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வீடு கட்டாத வலயமாக்க முனைந்தது. எங்கள் ஊர்களில் 200 மீற்றரை விட்டால் ஊரிலே பெரும்பகுதியை விட்டதாகும். ஆதலால் அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. எங்கள் பக்கத்திலே 65 மீற்றர் என்பது வழக்கிற்கு வந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டம் இன்றும் "65 மீற்றர்" என்றே அழைக்கப்படுகின்றது. சாய்ந்தமருதிலே தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டின் உதவியால் எழுந்த குடியிருப்பு, பொலிவேரியன் கிராமம் என்று பெயர் பெற்றது. இடம்பெயர்ந்தவர்களுக்கு அங்கே வீடு கிடைத்தது. ஆனால் தாய்வீட்டுக்கு அருகிலே மகள் என்னும் ஒழுங்கு குலைந்தது. புதிய வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய தெருவிலே வந்து பகலெல்லாம் இருந்து செல்லும் முதியவர்களை நான் அறிவேன்.

கடல் அலையாக வருவதை மட்டும் அஞ்சினால் போதாது. அது அரிப்பாகவும் வரும். கரையோர மணல் ஓரிடத்திலே நிலைத்திருப்பதன்று. சாய்வாக வந்து மோதும் அலைகள் அதனைக் கரை வழியே ஓரூரிலிருந்து அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்கின்றன. வருகின்ற மணலும் போகின்ற மணலும் சமமாக இருக்கும்வரை கரை நிற்கும். இடையிலே கடலுக்குள் ஓர் அணையை நீட்டினால், ஒரு பக்கத்திலே மணல் குவியும். மறுபக்கம் பட்டினி கிடக்கும். 2013 ஆம் ஆண்டில் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் அடைத்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகளும் நிலமும் கடலிலே வீழ்ந்தன. பெருங்கற்களை இட்டுத் தடுக்க முயன்றனர். மக்களுக்கு வேலையும் வணிகமும் கொடுக்க எண்ணிய ஒரு நல்ல திட்டம், மணலின் வழியைப் போதிய அளவு எண்ணாமையால், மீனவருக்கும் நிலமுடையோருக்கும் இடராகிவிட்டது.

ஆயின், நாம் கடலை விட்டு ஓடிவிடுவதா? எங்கள் தெருவிலே முதிய தண்டயல் ஒருவர் இருந்தார். சுனாமியிலே வீட்டை இழந்தவர். "இனி மேற்கே போய்விடுவீர்களா?" என்று அவரிடம் கேட்டேன். "கடல் தந்த இடத்தில ஊட்டைக் கட்டினா, கடல் கேக்கக்குள்ள குடுக்கத்தான் வேணும் மகன். தோணியை விடுவன், ஊட்டைக் கொஞ்சம் பின்னுக்கு எடுப்பன்" என்றார். கல்வியறிவு பெற்ற நாங்கள் பல கூட்டங்களிலே பேசி முடிக்காததை அவர் இரண்டு வரியிலே முடித்துவிட்டார். தொழில் கரையிலே இருக்கலாம். உறக்கம் சற்றுப் பின்னே இருக்கட்டும் என்பதே அவர் கருத்து.

அக்கருத்தைச் செயலாக்க நம்மால் இயன்றவை சில உண்டு. முதலாவது, கடலோர மணலின் கடைசிப் பகுதியை அடம்பனுக்கும் இராவணன் மீசைக்கும் தாழைக்கும் விட்டுவிடுதல். இச்செடிகளின் வேர்கள் மணலைப் பிடித்து வைத்து மேடாக்குகின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழி. அதனை அக்கொடியின் மட்டிலும் உண்மையாக்குவோம். வீடு கட்டுவதற்காக மணல்மேட்டை அள்ளுகின்றவர் தம் அயலவனின் மதிலை உடைக்கின்றார் என்று கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மகளுக்கு வீடு என்னும் கடமையைப் புதிய முறையிலே நிறைவேற்றுதல். தனித்தனி மனையாகப் பிரிக்காமல், உறுதியான அத்திவாரமிட்டு மேல்மாடியாகக் கட்டினால், தாயும் மகளும் ஒரே வளவிலே வாழலாம்; வெள்ளம் வந்தாலும் ஏறி நிற்க இடமிருக்கும். பல குடும்பங்கள் இவ்வாறு செய்யத் தொடங்கிவிட்டன. மூன்றாவது, மேற்கு நோக்கிச் செல்லும் குறுக்கு வீதிகளை அடைக்காமல் வைத்தல். 2012 ஆம் ஆண்டு ஏப்பிரல் 11 ஆந் திகதி சுமாத்திராவின் அருகே மீண்டும் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. அழிவலை வரவில்லை. ஆயினும் அன்று மக்கள் வயலை நோக்கி ஓடியபோது, குறுகிய ஒழுங்கைகளிலே முச்சக்கர வண்டிகளும் சைக்கிள்களும் சிக்கி நின்றதைக் கண்டேன். செய்தி வந்தும் வழி இல்லாவிடின் பயன் என்ன?

நான்காவது, பிள்ளைகளுக்குக் கற்பித்தல். நிலம் நீண்ட நேரம் நடுங்கினாலோ, கடல் திடீரெனப் பின்வாங்கித் தரை தெரிந்தாலோ, வேடிக்கை பார்க்க ஓடாமல் மேற்கே ஓடவேண்டும் என்பதை எங்கள் பாடசாலையில் ஒவ்வோர் ஆண்டும் முதலாந் தவணையிலே சொல்லிக் கொடுக்கின்றோம். நிலநடுக்கம் வெகு தொலைவிலே நிகழ்ந்தால் நமக்கு அது தெரியாது. ஆகவே வானொலிச் செய்தியையும் பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளையும் கவனிக்கவேண்டும் என்றும் சொல்லுகின்றோம். 2004 ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்களே இப்போது என் மாணவர்கள். அவர்களுக்குச் சுனாமி என்பது மூத்தம்மா சொல்லும் ஒரு கதை. கதையாக மட்டும் அது நின்றுவிடலாகாது.

கிழக்கே கடலும் மேற்கே வயலும், நடுவிலே உறவினரும் உள்ள ஓர் ஊரிலே வாழக் கிடைப்பது பெரும்பேறு. வேலை தேடி அரபு நாடுகளுக்குச் சென்ற எங்கள் இளைஞர்கள் விடுமுறையில் வந்திறங்கினால், பயணப் பையை வீட்டிலே வைத்த மறுகணமே கடற்கரைக்குத்தான் செல்கின்றார்கள். அப்பேற்றைப் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்ல வேண்டுமாயின், கடலுக்குரிய இடத்தைக் கடலுக்கு விட்டு வாழும் ஒழுங்கை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நேயர்களுள் எவரேனும் எங்கள் பக்கம் வருவீர்களாயின், மாலை நேரத்திலே வாருங்கள். மணலில் அமர்ந்து ஒரு பிளேன்டீ அருந்துங்கள். உங்கள் காலடியில் அடம்பன் கொடி படர்ந்திருந்தால் அதனை மிதியாமல் நடந்து செல்லுங்கள்.